கைப்பிடியை இழுத்தேனா

இழுத்தேன். இழுத்திருப்பேன். இழுக்காமல் அடுத்த கூட்டுக்கு எப்படிப் போயிருக்க முடியும், கை தானாகவே இழுக்குமே, இத்தனை வருஷமாக இழுத்துப் பழகின கை. ஆனால் சிக்கலே அதுதான். தானாக இழுக்கிற கை தானாக இழுக்காமலும் விட்டிருக்கும், இரண்டுக்கும் எனக்குத் தகவல் வராது. வியாழக்கிழமை சாயங்காலம், கராஜில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, இன்றைய போட்டிக்குத் தோட்டா அடைத்துக்கொண்டிருந்தேன். பிரஸ்ஸில் ஒரு வட்டத் தட்டு, தட்டில் நாலு குழி, குழிக்கு ஒரு பித்தளைக் கூடு. கைப்பிடியை ஒரு தடவை இழுத்தால் ஒரு கூட்டின் அடியில் பொட்டு ஏறும், அடுத்ததில் மருந்து விழும், அதற்கடுத்ததில் குண்டு உட்காரும், கடைசியில் இருப்பதன் வாய் இறுகும். பிறகு தட்டை விரலால் ஒரு குழி திருப்ப வேண்டும். இழு, திருப்பு. இழு, திருப்பு. வேறொன்றும் இல்லை, இட்லி மாவு ஆட்டத் தெரிந்தவர்கள் யாரும் செய்யலாம். அப்போதுதான் அடுக்களையிலிருந்து இவர் குரல். "மாரீ! கடுகு எங்க இருக்கு?" நான் சொன்னேன், ரெண்டாவது தட்டுல, வெந்தயத்துக்குப் பக்கத்துல. "காணோமே!" வெந்தயத்துக்கு இந்தப் பக்கம் இல்ல, அந்தப் பக்கம். "ஆங், இருக்கு இருக்கு." திரும்பிப் பார்த்தால் என் வலது கை கைப்பிடி மேல், இடது கை விரல் தட்டு மேல். இழுத்துவிட்டுத் திருப்பப் போகிறேனா, திருப்பிவிட்டு இழுக்கப் போகிறேனா? இரண்டில் எது? கூட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் குண்டு வைப்பேன், எப்போதும் பார்ப்பேன், பார்த்தேனா? திருப்பாமல் இரண்டு தடவை இழுத்திருந்தால் ஒரு கூட்டில் இரட்டை மருந்து. இழுக்காமல் இரண்டு தடவை திருப்பியிருந்தால் மருந்தே இல்லாமல் ஒரு தோட்டா. இரட்டை மருந்து துப்பாக்கியைக் கையிலேயே பிளக்கும். மருந்தே இல்லாதது அதைவிட மோசம், ஏனென்றால் அது சத்தம் போடாது. அடியில் இருக்கிற பொட்டு மட்டும் வெடித்து, அதுவும் எங்கள் ஊர்ப் பொட்டுவெடி அளவுதான், குண்டைக் குழலுக்குள் பாதி தூரம் தள்ளி அங்கேயே சிக்க வைத்துவிடும். அடுத்த தோட்டா அதன் முதுகில் போய் முட்டும், குழலே வெடித்துவிடும். தட்டில் இருந்த நாலையும் எடுத்து, சுத்தியல் மாதிரி இருக்கும் ஒரு கருவியில் தட்டித் தட்டிப் பிரித்துப் பார்த்தேன். மருந்து சரியாக இருந்தது. ஆனால் குரல் வந்தபோது தட்டில் இருந்தவைதானா அந்த நாலு? பதில் சொல்லிக்கொண்டே ஒன்றிரண்டு இழுத்திருந்தால்? முடிந்த தோட்டா சரிந்து விழும் டப்பாவில் ஏற்கனவே அறுபது எழுபது கிடந்தது. அதில் ஒன்று விழுந்தால் பிறகு அது அதில் ஒன்றுதான், தனி முகம் கிடையாது. எடை போட்டாலும் தெரியாது, பித்தளைக் கூடுகளின் எடையே ஒன்றுக்கொன்று அதைவிட அதிகமாக மாறும். காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தேன். எல்லாம் ஒன்று போலத்தான் கேட்டது. எல்லாவற்றையும் பிரித்துக் கொட்டியிருக்கலாம். கொட்டவில்லை. பெட்டியில் அடுக்கி மூடினேன்.

இப்போது அந்தப் பெட்டி காலியாக இவர் காலடியில் கிடக்கிறது. ஹூஸ்டனுக்கு மேற்கே, மாட்டுப் பண்ணைகளுக்கு நடுவில், மண்ணைக் குவித்து மூன்று பக்கமும் மேடு கட்டின சுடும் திடல். போட்டியின் கடைசிக் கட்டம் இது. மரச்சட்டத்தில் ஒட்டின அட்டைகள், நடுவில் இரும்புத் தகடுகள், ஓடி ஓடிச் சுட வேண்டும், எத்தனை வேகம், எத்தனை துல்லியம், அவ்வளவுதான் விளையாட்டு. மண் காற்று. பல்லில் நறநறவென்கிறது. என் கணவர் கதிரேசன் வரிசையில் அடுத்தவர், அவருக்கு அடுத்து நான். இந்தக் கட்டத்தை ஒழுங்காக முடித்தால் பெண்களில் நான் முதல், தேசியப் போட்டிக்கு இந்தக் கிளப்பிலிருந்து போகும் ஒரே பெண் நான், நாற்பத்தாறு வயதில், சாத்தூர்க்காரி, இங்கே எல்லாரும் சேண்டி என்று கூப்பிடுகிற சந்தனமாரி. காலையிலிருந்து அதைப் பற்றி ஒரு நிமிஷமாவது யோசித்தேனா? இல்லை. முந்தைய கட்டங்களில் எல்லாம் பழைய பெட்டித் தோட்டாவைத்தான் சுட்டேன், இந்தப் புதுப் பெட்டியைத் தள்ளித் தள்ளி வைத்தேன், கடைசியில் இது ஒன்றுதான் மிஞ்சியது. துப்பாக்கியில் செருகும் மேகசினில் ஒவ்வொன்றாக ஏற்றும்போது பெருவிரல் ஒவ்வொன்றின் மேலும் நின்றது. எடுத்தேன், பார்த்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். இவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டு. "ஆரம்பிச்சிட்டியா?" என்றார். கையில் இருந்த தோட்டாவை அழுத்தி ஏற்றினேன். "குடு அதை." எதை? "அந்தப் பெட்டிய. உன் மேகசினையும் சேர்த்துத்தான். இத நான் சுடுதேன். என்னோடத நீ எடுத்துக்கோ." வேணாங்க, என்றேன். "நீ அடைச்சதுதான? உன் கண்ணு முன்னால சுட்டுக் காட்டுதேன். பின்னால நின்னு பாரு. ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சுரும்ல. அப்புறம் நிம்மதியாப் போயி சுடு." இல்லங்க, இது வேற, என்றேன். சிரித்தார். கோபமே இல்லாத சிரிப்பு, அதுதான் என்னைக் கொன்றது. "எல்லாம் வேறதான் மாரி," என்று சொல்லிவிட்டு என் மேகசின்களை எடுத்துத் தன் பெல்ட்டில் சொருகிக்கொண்டார்.

எல்லாம் வேறதான். சரியாகச் சொன்னார். கேஸ் அடுப்பு வேற, இஸ்திரிப்பெட்டி வேற, கார்க் கதவு வேற, பின்வாசல் பூட்டு வேற. ஒவ்வொரு தடவையும் இந்தத் தடவை வேற என்றுதான் எனக்குத் தோன்றும், இல்லாவிட்டால் எதற்குத் திரும்பிப் போகிறேன். சினிமா பாதியில் எழுந்து வந்திருக்கிறேன். கோயிலில் தட்டோடு நின்றவள் அர்ச்சனை முடியுமுன் காரை எடுத்திருக்கிறேன். அடுப்பு ஒரு நாளும் எரிந்துகொண்டிருந்ததில்லை. ஒரு நாளாவது எரிந்திருக்கக் கூடாதா என்றுகூட நினைத்திருக்கிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது, ஒரே ஒரு பாத்திரம் கருகியிருந்தால் போதும், நான் பைத்தியமில்லை என்று ஆகியிருக்கும். போன வருஷம் இவருடைய அக்கா மகள் கல்யாணம், கோவில்பட்டியில். இவர்தான் தாய்மாமன், ஒரே தாய்மாமன். பட்டு, மாலை, மோதிரம், எல்லாம் பெட்டியில். விமான நிலையம் வரை போய்விட்டு, வாசலில் பெட்டியை இறக்குகிற நேரத்தில், பின்வாசலைப் பூட்டினேனா என்று வந்தது எனக்கு. வந்தால் வந்ததுதான். பக்கத்து வீட்டுக்காரர் ஊரில் இல்லை. நேரம் இருக்கு, போய்ப் பார்த்துட்டு வந்திரலாம் என்று இவரேதான் சொன்னார், என் முகத்தைப் பார்த்து. போனோம். பூட்டியிருந்தது. திரும்பி வரும் வழியில் ஏதோ விபத்து, நெடுஞ்சாலை முழுக்க நின்றது. அடுத்த விமானம், அதற்கடுத்த தொடர்பு, தோஹாவில் ஒரு பகல் முழுக்கக் காத்திருப்பு. அங்கே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போனில் பார்த்தோம், மணவறையில் தாய்மாமன் மாலை போடும் இடத்தில் ஒன்றுவிட்ட தம்பி ஒருத்தன் நின்று மாலை போட்டதை. இவர் போனைத் தூரமாகப் பிடித்துக்கொண்டு பார்த்தார். திட்டவே இல்லை. திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசி, அழுது, அது அத்தோடு கழிந்திருக்கும். போனைப் பைக்குள் வைத்துவிட்டு, "இனிமே உனக்குச் சந்தேகம் வந்தா என்கிட்டச் சொல்லாத மாரி, எனக்குத் தாங்கல," என்றார். சொல்லமாட்டேன் என்று அங்கேயே, காதில் போட்டிருந்த கம்மலைத் தொட்டுச் சத்தியம் செய்தேன். அதிலிருந்து சொல்லவில்லை. சந்தேகம் நிற்கவில்லை, சொல்வதுதான் நின்றது. வீட்டில் ஒரு பாம்பு இருக்கிறது, அதைப் பற்றிப் பேசக் கூடாது என்று ஏற்பாடு, அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்கு அந்த ஏற்பாட்டில் பாம்பு இவர் பெல்ட்டில் இருக்கிறது.

முதல் ஆள் சுட்டு முடித்துவிட்டான். அட்டையில் ஓட்டைகளைக் காகிதப் பட்டி ஒட்டி மூடுகிறார்கள். நானும் ஒட்டப் போக வேண்டும், எல்லாரும் ஒட்டுவது வழக்கம், போனேன், ஒட்டினேன், எந்த அட்டையில் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மருந்து என்றால் எனக்குப் பயமில்லை, அதை இங்கே யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள், மருந்துப் பிசுக்கிலேயே பிறந்தவள் நான். அப்பா பட்டாசு ஆலையில் மருந்து கலக்குகிறவர். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் காது மடல்வரை வெள்ளி பூசினது போல அலுமினியத் தூள், சோப்புப் போட்டாலும் போகாது, தலையணை உறையெல்லாம் சாம்பல். கலவை அறைக்கு ஒரு வழக்கம் உண்டு. உள்ளே கலக்குகிறவனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. முதலாளியே வந்தாலும் வாசலுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் நிற்க வேண்டும், உள்ளே இருப்பவன் தானாக நிமிர்ந்து பார்க்கும்போதுதான் பேச்சு. சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுபோய் வெயிலில் அப்படி எத்தனையோ நாள் நின்றிருக்கிறேன், அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு. பேர் சொன்னா கை நிக்கும், கை நின்னா கணக்குப் போயிரும், என்பார் அப்பா. பேரைக் கேட்டால் பிடித்துக்கொள்ளும் பேய் ஏதோ இருக்கிறது என்று பொம்பளைகள் சொல்வார்கள், அப்பா சொன்னது அவ்வளவுதான். ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. டீச்சர் கரும்பலகையில் எழுதின கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். ஊர்ப் பொம்பளைகள் அத்தனை பேரும் செருப்பில்லாமல் ரோட்டில் ஓடினார்கள். அப்பாவுக்கு ஒன்றுமில்லை, அது வேறு ஆலை, ஆனால் அன்றைக்கு ஓடின அம்மாவின் பாதத்தில் கண்ணாடி கிழித்த தழும்பு கடைசிவரை இருந்தது. இந்த வழக்கத்தை இவரிடம் நான் சொன்னதே இல்லை. கடலைமிட்டாய்க் கடைக் குடும்பம் இவருடையது, கிளறும்போது ஊர்க்கதை பேசுகிறவர்கள். சொன்னால் இதுவும் ஒரு சந்தேகக் கேஸ் என்று ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன். கூப்பிடக் கூடாது என்று கராஜ் கதவில் ஒரு அட்டை தொங்கவிட்டிருந்தால் போதும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள், நான் அளந்துதான் போட்டேன், போட்டேனா என்பதுதான் தெரியவில்லை.

டைமர் பிடிப்பவர் டேல், வெள்ளைத் தாடி, தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், எல்லாரையும் தேனே கண்ணே என்று கூப்பிடுவார். "கேட், உன் முறை," என்கிறார். கதிரேசன் என்பது அவர் வாயில் கேட் ஆகிவிட்டது. இவர் போய்க் கோட்டில் நிற்கிறார். கொஞ்சம் தொந்தி, அரைக்கை டீ சர்ட், காதின் மேல் வெடிச்சத்தம் தடுக்கும் மஃப், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. அந்தக் கண்ணாடி எவ்வளவு தாங்கும்? கை தாங்குமா? துப்பாக்கி பிளந்தால் முதலில் போவது பிடிக்கிற கை, வலது கை, தோசையைத் திருப்புகிற கை, தூங்கும்போது என் தோளில் வந்து விழுகிற கை. டேல் "மேக் ரெடி" என்கிறார். மேகசின் உள்ளே போகிற சத்தம். என் மேகசின். இப்போது கத்தலாம். ஆபத்தைப் பார்த்தவர் யாரும் ஸ்டாப் என்று கத்தலாம் என்பது இந்தக் கிளப்பின் விதி. கத்தினால்? எல்லாரும் திரும்புவார்கள். என்ன சேண்டி? ஒன்றுமில்லை, கடுகு எங்கே என்று கேட்டார். இப்படியா சொல்வது? தோட்டா முழுவதையும் ஓரமாக வைப்பார்கள், யாராவது கடன் கொடுப்பார்கள், அதெல்லாம் பெரிய விஷயம் இல்லை, போட்டி போனால் போகட்டும், தேசியமாவது கிசியமாவது. இவர் திரும்பிப் பார்ப்பார். அது ஒன்றுதான். தோஹாவில் போனைத் தூரமாகப் பிடித்தபடி இருந்த அந்த முகம் திரும்பிப் பார்க்கும். நல்லெண்ணத்தில், என்னைக் குணப்படுத்த, என் சந்தேகத்தைத் தன் கையில் வாங்கிக்கொண்டு போய் நிற்கிற மனுஷனைப் பார்த்து, அத்தனை பேர் நடுவில், நீ சொல்வதை நான் நம்பவில்லை என்று கத்துவதா? இதுவும் பூட்டியிருக்கும் கதவுதான். இதுவும் அணைத்த அடுப்புதான். எத்தனை தடவை பார்த்தாயிற்று, எப்போதாவது எரிந்ததா? இல்லை. அப்படியானால் இப்போதும் இல்லை. ஆனால் எந்த அடுப்பை அணைக்கும்போதும் யாரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லையே. இது வேற. எல்லாம் வேறதான். வாயைத் திறந்தேன். "ஸ்டாண்ட் பை." இவர் இரண்டு கைகளையும் தூக்கி நிற்கிறார், சரணடைந்தவர் மாதிரி. இப்போது, இப்போது கத்து, சந்தனமாரி. பீப் என்றது.

சுடுகிறார். நல்ல சத்தம், முழுச் சத்தம், நெஞ்சில் வந்து தட்டுகிறது. டப், டப். முதல் அட்டை. டப், டப். காது மஃபில் வெளிச்சத்தத்தை உள்ளே விடும் திருகைக் கடைசிவரை கூட்டி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் என் கை அடைத்தது, ஒவ்வொன்றும் சரி, இது சரி, இதுவும் சரி, ஓடுகிறார், சரளைக் கல் சரசரக்கிறது, தடுப்புக்குப் பின்னால் குனிகிறார், தகடு விழுகிற சத்தம், டங், இன்னொரு டங், சரி. பக்கத்துத் திடலிலும் யாரோ சுடுகிறான், படுபாவி, இரண்டு நிமிஷம் பொறுக்கக் கூடாதா, அவன் சத்தமும் இவர் சத்தமும் கலக்கிறது, பிரித்துக்கொள்கிறேன், கூட்டத்தில் தன் பிள்ளை அழுகையைப் பிரிக்கிற மாதிரி. மேகசின் மாற்றுகிறார். பழையது மண்ணில் விழுகிறது. பாதி முடிந்தது. ஒன்றுமில்லை போலிருக்கிறது. ஒன்றுமில்லை. இவர் சொன்னதுதான் சரி, எனக்குச் சிரிப்புக்கூட வருகிறது, இன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது காரில் சொல்லிவிடுவேன், கடுகு கதையைச் சொல்லி இரண்டு பேரும் சிரிப்போம், டப், டப், டப், பொத். பொத் என்றது. யாரோ தலையணையைத் தட்டினது போல. பக்கத்துத் திடலில் அதே நேரம் ஒரு முழு வெடி. டேல் டைமரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். துப்பாக்கியில் அடுத்த தோட்டா தானாக ஏறவில்லை. இவர் கை, பழகின கை, யோசிக்காத கை, மேகசின் அடியில் ஒரு தட்டு, துப்பாக்கி மேலிருக்கும் ஸ்லைடை ஒரு இழுப்பு, வெறும் கூடு வெளியே பறக்கிறது, அடுத்த தோட்டா உள்ளே ஏறுகிறது, நாங்கள் இரண்டு பேரும் வருஷக்கணக்கில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பழகினது இதைத்தான், நின்றால் தட்டு, இழு, சுடு, அரை வினாடிகூட ஆகக் கூடாது. "கதிரேசா!" என்று கத்தினேன்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் பேரை நான் சொன்னதில்லை. ஏங்க, என்னங்க, இங்க பாருங்க, அவ்வளவுதான். பத்திரத்தில் எழுதும்போதுகூட இவரிடமே கொடுத்து எழுதச் சொல்வேன். அந்தப் பேர் என் தொண்டையிலிருந்து எப்படி வந்தது, எவ்வளவு பெரிதாக வந்தது, எனக்குத் தெரியாது. இவர் விரல் விசையிலிருந்து விலகியது. பார்த்தேன், விலகியதைப் பார்த்தேன், அதற்குப் பிறகுதான் டேல் ஸ்டாப் ஸ்டாப் என்று கத்தியது. துப்பாக்கியைக் காலி செய்யச் சொன்னார்கள். குழலில் பித்தளைக் கம்பியை விட்டார் டேல். போய்க்கொண்டே இருந்த கம்பி நடுவில் நின்றது. ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டு. ஈயக் குண்டு ஒன்று மண்ணில் விழுந்தது. சுண்டுவிரல் நுனி அளவுதான். குழுவில் யாரோ, கடவுளே, என்றான். டேல் தொப்பியைக் கழற்றி, என் தோளைப் பிடித்து, "கண்ணே, எனக்கே கேட்கவில்லை, உனக்கு எப்படிக் கேட்டது?" என்றார். எல்லாரும் வந்து முதுகில் தட்டினார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், இவர் கை பிழைத்த சந்தோஷம் இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்தது வேறு. எரிந்தது! கடைசியில் ஒரு தடவை அடுப்பு எரிந்துகொண்டிருந்தது! பார்த்தீர்களா, பார்த்தீர்களா என்று ஆட வேண்டும்போல இருந்தது. சீ என்று என்னை நானே திட்டிக்கொண்டு இவரைப் பார்த்தேன். இவர் அந்தக் குண்டைக் குனிந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை மூடித் திறந்தார். ஐந்து விரலையும் ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். "நீ வேறன்னு சொன்ன," என்றார். சொன்னேங்க. "நான்தான் கேக்கல." பரவால்லங்க, விடுங்க, என்றேன். வேறென்ன சொல்வது. நாக்கின் நுனியில் கடுகு இருந்தது, அதை இப்போது சொன்னால் பழி முழுக்க இவர் தலையில் போய் விழும், விழுங்கிவிட்டேன். இவர் சுட்டது அதுவரைக்கும்தான் கணக்கு, மறுபடி சுட முடியாது, விதி அப்படி. அதை இவர் காதில் வாங்கினதாகவே தெரியவில்லை.

என் முறை வந்தது. எங்கள் தோட்டா எல்லாவற்றையும் டேல் ஒரு வாளியில் போட்டு ஓரமாக வைத்துவிட்டார், இவருடையதையும் சேர்த்து, அதுவும் என் கை அடைத்ததுதானே. குழுவில் ஒரு பையன் கடைத் தோட்டா இரண்டு பெட்டி கொடுத்தான், புத்தம் புதிது, தொழிற்சாலையில் முத்திரை போட்டது. மேகசினில் ஏற்றினேன். பெருவிரல் எதன் மேலும் நிற்கவில்லை. எனக்கே ஆச்சரியம். இதை யார் அடைத்தார்கள், அடைக்கும்போது யார் கூப்பிட்டார்கள், எனக்குத் தெரியாது, என் கை செய்யாததில் என் கையைச் சந்தேகிக்க என்ன இருக்கிறது. உடம்பு லேசாக இருந்தது. கோட்டில் போய் நின்றேன். மண்மேட்டின் மேல் ஒரு பருந்து சும்மா மிதந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து அதெல்லாம் கண்ணில் படவே இல்லை. "மேக் ரெடி." ஏற்றினேன். "ஸ்டாண்ட் பை." முதலாவதாக வரவேண்டும் என்று அன்றைக்கு முதல் தடவையாக ஆசை வந்தது, பசி மாதிரி நேராக வந்தது. பீப். கை இறங்கி, துப்பாக்கி ஏறி, முதல் அட்டை, டப், சுத்தமான சத்தம், ஓட்டை விழுந்ததை ஓரக்கண் பார்த்துவிட்டது, இரண்டாவதை அழுத்தப் போகிறேன். "ஸ்டாப்! ஸ்டாப்! ஸ்டாப்!"

டேல் குரல் இல்லை. துப்பாக்கியை எதிரே பிடித்தபடி அசையாமல் நின்றேன். டேல் குழம்பிப்போய், காலி செய்யச் சொல்லி, குழலில் கம்பியை விட்டார். மறுபக்கம் வந்தது. ஒன்றுமில்லை, சுத்தம். "கேட், என்ன ஆச்சு?" என்றார். துப்பாக்கியை உறையில் வைத்துவிட்டுத் திரும்பினேன். இவர் கம்பிவேலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் வேர்வை. அந்த முகத்தை நான் இவரிடம் பார்த்ததே இல்லை, ஆனால் எங்கே பார்த்திருக்கிறேன் என்று யோசிக்கத் தேவைப்படவில்லை, தினமும் காலையில் கிளம்புமுன் குளியலறைக் கண்ணாடியில் பார்க்கிறேன். இந்த நோயை நான் ஊரில் யாருக்கும் கொடுக்க நினைத்ததில்லை. இவருக்கா?

"என்னங்க?"

"சத்தம்... மெதுவாக் கேட்ட மாதிரி இருந்துச்சு."

"நல்லாத்தான் கேட்டுச்சுங்க. அட்டையில ஓட்டை விழுந்திருக்கு பாருங்க."

"ஆமா. பார்த்தேன்."

"பார்த்துட்டுமா கத்துனீங்க?"

"பார்த்தேன் மாரி. பார்த்தது சரிதானான்னு தெரியல."

இவரைக் கட்டிப் பிடித்து அழ வேண்டும்போல இருந்தது, அத்தனை பேர் நடுவில் அது முடியாது. டேல் பரவாயில்லை, வெளியிலிருந்து குறுக்கீடு, நீ மறுபடி சுடலாம், எப்போது தயாரோ சொல் என்றார். ஒரு நிமிஷம் என்று அவரிடம் கை காட்டிவிட்டு வேலிக் கதவைத் திறந்து இவர் மணிக்கட்டைப் பிடித்தேன். வாங்க. சரளையில் இரண்டு பேரும் அட்டை வரைக்கும் நடந்தோம். நடு வட்டத்துக்குக் கொஞ்சம் இடதுபக்கமாக ஒரு ஓட்டை, விளிம்பில் கரி. விரல விடுங்க, என்றேன். தயங்கினார். விடுங்க. ஆள்காட்டி விரல் நுனியை அதில் வைத்து அழுத்தினார்.

"இருக்கா?"

"இருக்கு."

"நிச்சயமா இருக்கா?"

"இருக்கு மாரி."

சரி வாங்க, என்று கூட்டிக்கொண்டு திரும்பினேன். பாதி தூரம் வந்திருப்போம், என் பிடியில் இருந்த கை லேசாகப் பின்னுக்கு இழுத்தது. நான் நிற்கவில்லை. இவர் நின்று, அட்டையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.